சிரவணபெலகொளா கோமதீஸ்வரர்: இரண்டு மலையும் ஒரே நாளில் ஏறி இறங்க முழு வழிகாட்டி

கர்நாடகத்தின் சமணத் தலமான சிரவணபெலகொளாவில் வெறுங்காலோடுதான் மலை ஏற வேண்டும். பயணத்தின் மற்ற எல்லாக் கணக்கும் இந்த ஒரு விதியிலிருந்துதான் தொடங்குகிறது. எந்த மாதம் போவது, எத்தனை மணிக்கு ஏறுவது, எந்த மலையை முதலில் வைப்பது, முந்தைய இரவு எங்கே தங்குவது என எல்லாவற்றையும் முடிவு செய்வது பாறையின் சூடு. இதை யோசிக்காமல் பதினொரு மணிக்கு அடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்குபவர்கள்தான் பாதிப் படியில் கால் மாற்றி மாற்றித் துள்ளிக்கொண்டு நிற்பார்கள்.

கீழே உள்ள வரிசை பெங்களூரு, மைசூரு வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்காக எழுதியது. ஒரு இரவு, ஒரு முழுப் பகல் என்ற கணக்கு.

1. ஊரின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

ஊர் இரண்டு பாறைக்குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. தெற்கே உயரமான விந்தியகிரி. அதன் உச்சியில்தான் சமணர்கள் வணங்கும் துறவியான பாகுபலி என்கிற கோமதீஸ்வரர் சிலை. வடக்கே சின்னதாகச் சந்திரகிரி. அங்கே பழைய சமணக் கோயில்கள். இவற்றை இங்கே பசதி என்பார்கள். இரண்டுக்கும் இடையில் கல்யாணி என்னும் பெரிய தெப்பக்குளம். குளத்தை மையமாக வைத்துக்கொண்டால் ஊருக்குள் வழி தவறாது.

உள்ளூரில் விந்தியகிரியைத் தொட்டபெட்ட, சந்திரகிரியைச் சிக்கபெட்ட என்றுதான் சொல்வார்கள். வழி கேட்கும்போது இந்தப் பெயர்கள் சட்டென்று புரியும். ஊட்டியின் தொட்டபெட்டாவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சிலை வடக்கு நோக்கி, அதாவது ஊரையும் சந்திரகிரியையும் பார்த்து நிற்கிறது. இந்தத் திசை படம் எடுக்கும்போது உதவும்.

2. மாதத்தையும் நாளையும் தேர்ந்தெடுப்பது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வசதி. பாறை சூடேற நேரம் பிடிக்கும், மழையும் குறைவு. மார்ச் முதல் மே வரை போனால் காலை 9 மணிக்குள் இறங்கிவிடும்படி திட்டமிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் தொல்லை குறைவு. ஆனால் காலங்காலமாகப் பாதங்கள் தேய்த்த கருங்கல் படி மழையில் நனைந்தால் வழுக்கும். தூறல் நின்றதும் ஏறாதீர்கள். அரை மணி நேரம் காற்றாடட்டும்.

டிசம்பர், ஜனவரியில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். அவை பெரும்பாலும் காலை 10 மணிக்கு மேல்தான் வரும் என்பதால் விடியலில் ஏறுபவருக்குப் பாதிப்பில்லை. மகாவீர் ஜெயந்தியையும் நீண்ட வார விடுமுறைகளையும் தவிர்த்தால் தங்குமிடம் எளிதாகக் கிடைக்கும்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மகாமஸ்தகாபிஷேகம், அதாவது சிலையைத் தலையிலிருந்து நீராட்டும் பெருவிழா நடக்கிறது. கடைசியாக நடந்தது 2018 பிப்ரவரியில். கணக்குப்படி அடுத்தது 2030. அபிஷேகம் செய்பவர்கள் தலைக்கு மேலே ஏறி நிற்க வேண்டும் என்பதால் சிலைக்குப் பின்னால் பெரிய சாரம் எழுப்புவார்கள். விழாவைப் பார்க்க விரும்புபவருக்கு அது சரி. சிலையை மட்டும் நிதானமாகப் பார்க்க நினைப்பவர் அதற்கு முன்பே போய்விடுவது நல்லது.

3. போய்ச் சேருவது

பெங்களூரிலிருந்து சாலை வழியாகச் சுமார் 145 கிலோமீட்டர். மங்களூரு நெடுஞ்சாலையில் குணிகல் தாண்டி, ஹிரிசாவெ என்னும் இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தைத் தவறவிட்டால் பதற்றம் வேண்டாம். அதே சாலையில் சென்னராயபட்டணம் வரை போய், அங்கிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தெற்கே வரலாம்.

பேருந்தில் வருபவர்கள் பெங்களூரு மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் ஹாசன் பேருந்தில் ஏறி, சென்னராயபட்டணத்தில் இறங்கி மாறுவதே நம்பகமான வழி. நேரடிப் பேருந்துக்காகக் காத்திருப்பதில் காலை கரைந்துவிடும். சென்னராயபட்டணத்திலிருந்து உள்ளூர்ப் பேருந்தும் ஆட்டோவும் உண்டு.

ரயிலும் இருக்கிறது. 2017-ல் திறந்த பெங்களூரு–ஹாசன் பாதையில் சிரவணபெலகொளாவுக்குத் தனி நிலையம் உண்டு. யஷ்வந்த்பூரிலிருந்து கிளம்பும் வண்டிகளைப் பாருங்கள். எல்லா விரைவு வண்டியும் இங்கே நிற்காது. முன்பதிவின்போது ஹாசன் வரை சீட்டு எடுத்துவிட்டு நடுவில் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

கோவை, ஈரோடு பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு மைசூரு வழிதான் நேர். மைசூரிலிருந்து சுமார் 83 கிலோமீட்டர், கே.ஆர். பேட்டை, கிக்கேரி வழியாகச் சாலை போகிறது. பண்ணாரி–திம்பம் மலைப்பாதையில் இரவு வாகனத் தடை இருப்பதால், அதைப் பகலிலேயே கடக்கும்படி வீட்டிலிருந்து கிளம்புங்கள்.

மைசூரில் வண்டி பிடிக்கும்போது ஊர்ப் பெயரை முழுதாகச் சொல்லுங்கள். கிருஷ்ணராஜசாகர் அணைக்குப் பக்கத்தில் பெலகொளா என்ற பெயரில் வேறொரு ஊர் இருக்கிறது. பாதிப் பெயரைச் சொல்லி ஏறினால் அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். கைபேசி வரைபடத்தில் பெயரைத் தட்டும்போதும் இதே கவனம் தேவை.

4. முந்தைய மாலையே வந்துவிடுங்கள்

பெங்களூரிலிருந்து விடியற்காலை கிளம்பினாலும் அடிவாரத்தை அடையும்போது 9 மணி ஆகிவிடும். ஏறி, பார்த்து, இறங்க இரண்டரை மணி நேரம். அதாவது நடுப்பகல் வெயிலில் வெறுங்காலோடு இறங்க வேண்டிவரும். ஊரிலேயே ஓர் இரவு தங்குவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

திகம்பர சமண நிர்வாகக் குழுவின் விடுதிகள் ஊருக்குள் பல இருக்கின்றன. எளிமையான அறைகள், சுத்தமாக இருக்கும். மது, அசைவம், புகை எதற்கும் இடமில்லை. நட்சத்திர வசதி வேண்டுமென்றால் 50 கிலோமீட்டர் தள்ளி ஹாசனில் தங்கி, காலை ஐந்தரைக்குள் கிளம்ப வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். சூரியன் மறைவதற்குள் உண்டு முடிப்பது சமண வழக்கம். அதனால் ஊரிலுள்ள சமண மடத்தைச் சார்ந்த உணவுக்கூடங்களில் இரவுச் சாப்பாடு நம் கணக்குக்கு மாலையிலேயே முடிந்துவிடும். எட்டு மணிக்குப் பசியோடு போனால் கதவு மூடியிருக்கும். வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகள் இல்லாத சமையல்தான் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். பேருந்து நிலையப் பக்கம் சாதாரண சைவ ஓட்டல்கள் உண்டு.

5. எடுத்துப் போக வேண்டியவை, அறையிலேயே விட வேண்டியவை

ஒருவருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மலைமேல் கடை கிடையாது. தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

தடித்த பருத்திக் காலுறை ஒரு ஜோடி. அடிவாரத்திலும் விற்பார்கள், ஆனால் அது பெரும்பாலும் மெல்லிய நைலான். வழவழப்பான பாறையில் சறுக்கும், சூட்டையும் தடுக்காது. வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: காலுறை வெயிலுக்குத்தான், மழைக்கு அல்ல. படி ஈரமாக இருந்தால் கழற்றி வைத்துவிட்டு வெறும் பாதத்தோடு ஏறுவதே பத்திரம்.

தொப்பி அல்லது துண்டு. ஏறும் பாதை திறந்த பாறை. மர நிழல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. குடையைக் காற்று பிடுங்கும்.

சின்ன டார்ச் விளக்கு அல்லது கைபேசி விளக்கு. சந்திரகிரிக் கோயில்களின் உட்பகுதி பகலிலும் இருட்டு.

சில்லறை நோட்டுகள். இரண்டு மலைக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. செருப்பு வைக்குமிடம், காணிக்கை போன்றவற்றுக்குத்தான் இது தேவை.

தோல் பெல்ட், தோல் பை, தோல் பர்ஸ் ஆகியவற்றை அறையில் விட்டுவிடுங்கள். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்டவர்களின் கோயில் இது. தோல் பொருளோடு கருவறைப் பக்கம் போவது மரியாதை அல்ல. தின்பண்டமும் வேண்டாம். உடை முழங்காலை மூடியிருக்கட்டும். இறுக்கமான ஜீன்ஸோடு வருபவர்கள் பத்தாவது நிமிடத்தில் வருந்துவார்கள்.

6. அடிவாரத்தில் 6.15 மணிக்கு

வாயில் காலை 6.30 மணியளவில் திறக்கும். கால் மணி நேரம் முன்பே வந்து நிற்பது காரணத்தோடுதான். கழிப்பறை வேலையைக் கீழேயே முடிக்க வேண்டும். பைகளைச் சரிசெய்ய வேண்டும். செருப்பைக் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். விலை உயர்ந்த காலணியைப் போட்டுவந்து கவலைப்படுவதைவிட அன்று ரப்பர் செருப்போடு வருவது மேல்.

காலை உணவை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாழைப்பழம், அரை டம்ளர் தண்ணீர் போதும். இட்லி, வடை, பொங்கல் என்று நிரப்பிக்கொண்டு ஏறினால் முதல் நூறு படியிலேயே மூச்சு முட்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் வழக்கமான சிற்றுண்டியை உண்டு அரை மணி நேரம் கழித்து ஏறட்டும்.

7. ஏற்றம்: 650 படியை எப்படிக் கணக்கிடுவது

பாறையிலேயே வெட்டிய படிகள், ஏறத்தாழ 650. எண்ணிக்கை ஒவ்வொருவர் எண்ணுவதிலும் கொஞ்சம் மாறும், ஏனென்றால் சில இடங்களில் எது படி, எது பாறைச் சரிவு என்றே பிரிக்க முடியாது.

எண்ணைவிட உயரம்தான் முக்கியம். மலை தரையிலிருந்து சுமார் 470 அடி. அதை 650-ஆல் வகுத்தால் ஒரு படி சராசரியாக ஒரு சாண் உயரம் வருகிறது. வீட்டு மாடிப்படி அவ்வளவு உயரம் இருக்காது. வீட்டுப் படிக் கணக்கில் இது 850-க்கு மேல். "அறுநூறு படிதானே, பழநி ஏறியவன் நான்" என்று வேகமாகத் தொடங்குபவர்கள் பாதியில் உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

முதல் 150 படியை வேண்டுமென்றே மெதுவாக ஏறுங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஐம்பது படிக்கு ஒருமுறை அரை நிமிடம் நில்லுங்கள், உட்கார வேண்டாம். உட்கார்ந்தால் தொடைத் தசை இறுகி, எழுந்ததும் முதல் பத்துப் படி கனக்கும்.

இரும்புக் கைப்பிடி இருக்கிறது. ஏறும்போது அது பெரும்பாலும் தேவைப்படாது. கைப்பிடியைப் பிடித்து உடலை இழுத்து ஏறும் பழக்கம் தோளை அசத்திவிடும். பாதம் முழுவதும் படியில் பதியும்படி வைத்து, முழங்கால் நிமிர்ந்த பிறகு அடுத்த காலை எடுங்கள்.

பழக்கமுள்ளவருக்கு 20 நிமிடம், மற்றவர்களுக்கு 40 நிமிடம் வரை. அவசரம் எதற்கு? பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் கல்யாணிக் குளம் சதுரமாகக் கீழே தெரியும், அதற்கப்பால் சந்திரகிரியின் மதிலும் கோயில்களும். மாலையில் போகப்போகிற இடத்தை இங்கிருந்தே அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

8. படிக்கட்டு முடிந்ததும் நேராகச் சிலைக்கு ஓட வேண்டாம்

நீண்ட ஏற்றம் முடிந்து மதிலுக்குள் நுழைந்ததும் சிலை உடனே தெரியாது. இன்னும் கொஞ்சம் படிகள் இருக்கின்றன, இடையில் பார்க்கவும் சில உண்டு. மூச்சு வாங்கும் நேரத்தை இவற்றுக்குக் கொடுங்கள்.

ஒடெகல் பசதி உயரமான மேடைமேல் நிற்கிறது. சுவர் சாயாமல் இருக்க வெளியே நீண்ட கல்முட்டுகள் கொடுத்திருக்கிறார்கள், தூரத்திலிருந்தே கண்ணில் படும். மூன்று கருவறை: ஆதிநாதர், நேமிநாதர், சாந்திநாதர். மூவரும் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணத்தின் அருகர்கள்.

தியாகத பிரம்மதேவர் தூணில் மேலிருந்து கீழ்வரை ஓடும் கொடிச் செதுக்கலைக் கவனியுங்கள். அடுத்து அகண்ட பாகிலு. வாசல் முழுவதும் ஒரே பாறையில் வெட்டியது. மேலே இரண்டு யானைகள் நீராட்டும் கஜலட்சுமி. கூட்டம் சேரும்போது எல்லோரும் தலையைக் குனிந்து படியைப் பார்த்தே இதைக் கடந்துவிடுகிறார்கள். வாசலுக்கு முன் ஓரமாக ஒதுங்கி நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு நுழையுங்கள்.

கடைசியாக, பெரிய சிலையைச் சுற்றியுள்ள மண்டபமான சுற்றாலயத்துக்கு வெளியே சிலைக்கு எதிரே ஒரு பாட்டியின் சின்னச் சிலை. பெயர் குள்ளகாயஜ்ஜி. சாமுண்டராயரின் பெரும் அபிஷேகத்தில் குடம் குடமாகப் பால் ஊற்றியும் அடிவரை இறங்காதது, இந்தப் பாட்டி கொண்டுவந்த சிறு குடுவைப் பாலில் முழுதும் நனைந்தது என்பது இங்கே வழங்கும் கதை.

9. சிலைக்கு முன்: எந்த வரிசையில் பார்ப்பது

சுமார் 58 அடி உயரம், ஒரே கல். கங்க மன்னனின் அமைச்சரும் தளபதியுமான சாமுண்டராயர் 981-ஐ ஒட்டிச் செய்வித்தது. உள்ளே நுழைந்ததும் கழுத்து வலிக்க முகத்தைப் பார்த்து, ஒரு படம் எடுத்து, ஐந்து நிமிடத்தில் திரும்புவதுதான் வழக்கமாக நடப்பது. இதைத் தலைகீழாகச் செய்யுங்கள், பாதத்தில் தொடங்குங்கள்.

பாதங்களின் இருபுறமும் பாறையைப் புற்றாகச் செதுக்கியிருக்கிறார்கள். புற்றின் துளைகளில் பாம்புகள் தலை நீட்டும். அங்கிருந்து மாதவிக் கொடி கிளம்பி, கால்களைச் சுற்றி, தொடை ஏறி, கைகளில் படர்கிறது. அசையாமல் நின்ற தவத்தின் காலம் எவ்வளவு என்று காட்டுவது இந்தப் புற்றும் கொடியும்தான். கொடியைக் கண்ணால் பின்தொடர்ந்தால் பார்வை தானாகவே முகத்துக்குப் போய்ச் சேரும்.

அதே புற்றுப் பாறையில் கன்னடம், தமிழ், மராத்தி மூன்றிலும் சிறு கல்வெட்டுகள் உள்ளன. தமிழில் உள்ளது "ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்" என்ற ஒரே வரி. ஆனால் அதைத் தேடும்போது இன்றைய தமிழ் எழுத்தைத் தேடாதீர்கள். பழைய எழுத்துமுறைகளான கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்து வெட்டியது. வட்டெழுத்தின் வளைந்த கோடுகள்தான் அடையாளம். அருகே போக விடாத நேரத்தில் கைபேசியில் பெரிதாக்கிப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்து இதைப் பார்க்காமல் இறங்குபவர்கள்தான் பெரும்பாலோர்.

தொடைக்கு மேலே சிலைக்குப் பின்னால் எந்தத் தாங்கலும் இல்லை. இதை முன்னால் நின்று உணர முடியாது. பக்கவாட்டுச் சுற்றில் நின்று பாருங்கள். இடக்கையின் ஆள்காட்டி விரல் மற்ற விரல்களோடு பார்க்கும்போது குட்டையாக இருக்கும், அதையும் தேடலாம்.

சுற்றாலயத்தை ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி கங்கராஜா பின்னாளில் எழுப்பினார். அதில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. முன்மண்டபக் கூரையை அண்ணாந்து பார்க்க மறக்க வேண்டாம்: எட்டுத் திசைக் காவலர்கள், நடுவில் கையில் கலசத்தோடு இந்திரன்.

காலையில் பாதபூஜை நடக்கும். அப்போது முன்வரிசையில் நெருக்காமல் பக்கவாட்டில் நின்று பார்ப்பதே நல்லது. ஆடை துறந்த திகம்பரத் துறவிகள் வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அவர்களை அனுமதி இல்லாமல் படம் எடுப்பது, குழந்தைகளைச் சிரிக்க விடுவது இரண்டும் கூடாது. உடையில்லாச் சிலை பற்றிக் குழந்தைகள் கேட்கத்தான் செய்வார்கள். எல்லாவற்றையும் துறந்தவர், துணியையும் சேர்த்து என்று முன்தினமே சொல்லிவைத்தால் மலைமேல் சங்கடம் இருக்காது.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சிலை வடக்கு நோக்கி நிற்பதால் அதைப் பார்க்கும் நீங்கள் தெற்கு நோக்கி நிற்பீர்கள். குளிர்கால மாதங்களில் சூரியன் நாள் முழுவதும் தெற்கே சாய்ந்திருக்கும், அதாவது சிலைக்குப் பின்னால். நடுப்பகலில் எடுத்தால் முகம் கறுத்து வானம் வெளுத்துத்தான் வரும். காலை 7 மணியை ஒட்டி உங்கள் இடப்புறமிருந்து வரும் சாய்ந்த ஒளியில் விளிம்புகள் எழுந்து தெரியும். முகத்தின்மேல் விரலை அழுத்தி வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மட்டும் இது மாறும். நடுப்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே, சிலையின் முகப்பக்கம் வந்துவிடும். ஆனால் மே மாத நடுப்பகலில் அங்கே யார் நிற்பது?

அருகில் நின்று கைபேசியின் அகலக்கோண லென்ஸில் எடுத்தால் பாதம் பெருத்து முகம் சுண்டைக்காயாகிவிடும். முன்மண்டபத்தில் முடிந்தவரை பின்னுக்குப் போய், கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள்.

மேலே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

10. இறக்கம்

விழுபவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். ஏற்றத்தில் மூச்சு எச்சரிக்கிறது. இறக்கத்தில் எச்சரிக்க ஆளில்லை. களைத்த தொடை நடுங்கும், அந்த நேரம் பார்த்து ஒருவர் கைபேசியை எடுத்து ஊரைப் படம் பிடிப்பார்.

இப்போது கைப்பிடியைப் பிடியுங்கள். பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டாகத் திருப்பி வைத்தால் படியில் அதிக இடம் பதியும், முழங்காலுக்கும் சுமை குறையும். நிற்க வேண்டுமென்றால் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். எதிரே பள்ளிக் குழந்தைகள் கூட்டமாக ஏறி வரும் நேரம் இது.

9 மணிக்குள் கீழே வந்துவிட்டால் பாறை வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். கோடையில் 11 மணிக்கு அதே பாறை தோசைக்கல். சிலர் மேலேயே காத்திருந்து வெயில் தாழ்ந்ததும் இறங்கலாம் என்பார்கள். பாறை சூட்டை விட மாலை ஆகிவிடும். நிழலும் சாப்பாடும் இல்லாமல் அவ்வளவு நேரம் உட்கார முடியாது.

11. நடுப்பகலை ஊருக்குள் கழியுங்கள்

குளித்து, உண்டு, ஓய்வெடுத்து, 11 மணிக்கு மேல் சமதளத்தில் உள்ளவற்றைப் பாருங்கள். இவையெல்லாம் கூரை உள்ள கட்டடங்கள், கால் சுடாது.

பண்டாரி பசதி இங்குள்ளவற்றிலேயே பெரியது. ஹொய்சளர்களின் கருவூல அதிகாரி ஹுள்ளா 1159-ல் கட்டியது. 24 தீர்த்தங்கரர்களும் ஒரே மேடையில் வரிசையாக நிற்பார்கள். அக்கன பசதி 1181-ஐச் சேர்ந்தது. இந்த ஊரில் ஹொய்சளக் கட்டடக் கலையைப் பார்க்க இதுவே இடம். கடைந்தெடுத்த தூண்களின் பளபளப்பைக் கையால் தொடாமல் பாருங்கள். சமண மடத்தின் சுவர்களில் பழைய ஓவியங்கள் உண்டு. மூன்றுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் தாராளம்.

வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜினநாதபுரத்துக்குப் போய் வரலாம். சாந்திநாத பசதியின் வெளிச்சுவர்ச் சிற்பங்கள் பிரமாதம், கூட்டமும் இருக்காது.

12. சந்திரகிரி: மாலை 4 மணிக்கு மேல்

இதையும் வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். ஆனால் விந்தியகிரியில் பாதி உயரம்கூடக் கிடையாது. கால் மணி நேரத்தில் மேலே போய்விடலாம். காலையில் சூடான பாறை ஆற நேரம் கொடுத்து, மூன்றரைக்குப் பதில் நாலு, நாலேகாலுக்குத் தொடங்குங்கள். இருட்டும் முன் இறங்க வேண்டும் என்பதால் அதற்கு மேல் தள்ளவும் கூடாது.

பலர் இந்த மலையை விட்டுவிடுகிறார்கள். பெரிய சிலையைப் பார்த்தாயிற்று, இனி என்ன என்ற எண்ணம். ஊரின் பழமை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கி.பி. 600-ஐ ஒட்டிய கல்வெட்டுகள் பாறைத் தரையிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. சிலவற்றுக்குக் கண்ணாடி மூடியும் வேலியும் உண்டு, சில திறந்தே கிடக்கும். நடக்கும்போது தரையைப் பாருங்கள், எழுத்தின்மேல் கால் வைக்காதீர்கள். சாயங்காலச் சாய்வெயிலில்தான் இந்த எழுத்துகளின் வெட்டு நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். மாலையில் வரச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

மதிலுக்குள் பார்க்கும் வரிசை: முதலில் பார்சுவநாத பசதியும் அதன் முன்னால் உள்ள மானஸ்தம்பம் என்னும் தனித்தூணும். அடுத்து கத்தலெ பசதி, இங்கேதான் டார்ச் தேவைப்படும். அதை ஒட்டிய சின்னஞ்சிறு சந்திரகுப்த பசதியில் துளையிட்ட கற்சாளரங்கள் இருக்கின்றன. பத்திரபாகு முனிவர், அவர் சீடராக வந்து இங்கேயே உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததாகச் சொல்லப்படும் சந்திரகுப்த மௌரியர் இருவரின் வாழ்க்கையும் அதில் கட்டம் கட்டமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. செதுக்கிய தாசோஜாவின் பெயரும் இருக்கிறது. கண்ணை அருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டிய வேலை; தூரத்திலிருந்து வெறும் ஓட்டைச் சுவராகத்தான் தெரியும். பிறகு சாமுண்டராய பசதி, இந்த மலையின் கம்பீரமான கட்டடம். கால் ஒத்துழைத்தால் பத்திரபாகு குகைக்கும் போகலாம்.

மதிலுக்கு வெளியே தெற்குப் பக்கம் வந்து நின்றால் எதிரே விந்தியகிரி. அதன் உச்சியில் சுற்றுச்சுவருக்கு மேலே கோமதீஸ்வரரின் தலையும் தோளும் தெரியும். இரண்டு மலையையும் குளத்தையும் சேர்த்து ஊரின் முழு அமைப்பும் புரிவது இந்த இடத்தில்தான். தொலைநோக்கி இருந்தால் எடுத்துவாருங்கள்.

13. முதியவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், சிறு குழந்தைகள்

விந்தியகிரி அடிவாரத்தில் டோலி கிடைக்கும். நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தூக்கிப் போவார்கள். கூலி போக, வர இரண்டுக்கும் சேர்த்தா, மேலே எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்பதை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். தூக்குபவர்களும் அதே பாறையில்தான் நடக்கிறார்கள். டோலிக்காரருக்கும் விடியலே நல்ல நேரம். விழா நாட்களில் காலையிலேயே டோலி தீர்ந்துவிடும்.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் விந்தியகிரியை விட்டுவிட்டு மாலையில் சந்திரகிரியை மட்டும் மெதுவாக ஏறலாம். சிலையின் மேற்பகுதியைப் பார்த்த நிறைவாவது கிடைக்கும். அதுவும் முடியாதவர்களுக்குப் பண்டாரி பசதி தரைத்தளத்திலேயே இருக்கிறது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறிவிடுவார்கள், இறங்க மறுப்பார்கள். தோளில் தூக்கி இறங்கினால் படி கண்ணுக்குத் தெரியாது. முதுகில் கட்டிக்கொள்ளும் தொட்டில்பை இருந்தால் கை இரண்டும் கைப்பிடிக்குக் கிடைக்கும்.

14. திரும்புவது, தொடர்வது

பெங்களூரு சுற்றுலாப் பேருந்துகள் சிரவணபெலகொளா, ஹளேபீடு, பேலூர் மூன்றையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்லும். காட்டும்தான். ஆனால் அந்தக் கணக்கில் மலைக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம், அதுவும் வெயில் ஏறிய பிறகு. சந்திரகிரி பட்டியலிலேயே இருக்காது. மூன்றையும் பார்க்க நினைப்பவர்கள் சந்திரகிரியிலிருந்து இறங்கியதும் ஹாசன் போய்த் தங்கி, மறுநாளைப் பேலூருக்கும் ஹளேபீட்டுக்கும் வைத்துக்கொள்வது நல்லது. ஹாசனிலிருந்து இரண்டும் 40 கிலோமீட்டருக்குள்தான், பேருந்தும் நிறைய.

பெங்களூருக்கே திரும்புபவர்கள் இருட்டும் முன் சென்னராயபட்டணம் போய்விடுங்கள். நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் பேருந்து ஓடும், ஆனால் சிரவணபெலகொளாவிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் 12 கிலோமீட்டருக்குத்தான் மாலைக்கு மேல் வண்டி கிடைப்பது கடினம். ஆட்டோ ஒன்றைப் பிற்பகலிலேயே பேசி, சந்திரகிரி அடிவாரத்துக்கு ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.